நீச்சல்குளமாகிய பாற்கடல்

செப்டம்பர் 6, 2025, சனி: சாங்கு

பாலியில் முதலில் வரவேற்றவன் கடோத்கசன். விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் சாலை நடுவே ஆளுயரக் குதிரைகள் பாய்கிற பெரிய வெள்ளைச் சிலை. கர்ணனின் தேரோடு அவன் மோதுகிற காட்சி, 1993ல் வைத்தது. "பறக்கத் தெரிந்தவன், அதனால் விமானங்களுக்கு இவன்தான் காவல்" என்றார் டிரைவர். நம்மூரில் கடோத்கசன் என்றால் அண்டா அண்டாவாக லட்டு விழுங்குகிற தொந்திதான் ஞாபகம் வரும். இங்கே கட்டுமஸ்தான வீரனாக நிற்கிறான். டிரைவரை 'ப்ளி' என்று கூப்பிடச் சொன்னார்கள், அண்ணன் என்கிற மாதிரி. அவர் என்னை 'பாக்' என்றார், தங்கையை 'இபு' என்றார். பாலி முழுக்க இந்த மரியாதைக்குக் குறைவே இல்லை.

தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் கல்யாண வெள்ளிவிழா. "மச்சான், நீங்களும் வாங்க, மூணு ரூம் இருக்கு" என்று மாப்பிள்ளை இழுத்துக்கொண்டு வந்தார். சாங்கு பக்கம் வயல்களுக்கு நடுவே ஒரு சொகுசு வில்லா. ஓர் இரவுக்கு 80 லட்சம் ரூபியா. நம் கணக்கில் 43,000 ரூபாய் சொச்சம். அதன் மேல் வரியும் சேவைக் கட்டணமும் சேர்த்து இன்னொரு 21 சதவீதம். விலைப்பட்டியலில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் அதற்கு இதுதான் அர்த்தம். பாலிக்குப் போகிறவர்கள் அந்தக் குறியைக் கவனித்து வையுங்கள்.

வில்லாவின் அடையாளமே அமிர்தம் கடைந்த கதைதான். பிளந்த கோபுரம் மாதிரி கல் வாசல். அதைத் தாண்டினால் வெள்ளைக் கல் பதித்த நீளமான நீச்சல்குளம். அதுதான் பாற்கடல். நடுவில் மந்தர மலை, அதன் உச்சியிலிருந்து தண்ணீர் விழுகிறது. அடியில் ஆமை. குளத்துக்கு இறங்கும் படியின் கைப்பிடி வாசுகி. தலைப்பக்கம் அசுரர்கள், வால்பக்கம் தேவர்கள். ஒவ்வொரு செதிலையும் தனித்தனியாகக் கொத்தியிருக்கிறார்கள். விரல் வைத்துத் தடவிக்கொண்டே போனேன், ஒரு செதில் கூட அவசரத்தில் செய்ததாகத் தெரியவில்லை. வேலை பத்துபுலான் ஊர்ச் சிற்பிகளுடையதாம். அறைகளுக்கு லட்சுமி, தன்வந்திரி, உச்சைசிரவஸ் என்று பெயர். எனக்குக் குதிரை கிடைத்தது.

மேஜை மேல் வில்லாவின் கதையைச் சொல்லும் புத்தகம் ஒன்று, கெட்டி அட்டை, தங்க எழுத்து. அதன்மேல் தென்னங்குருத்தில் முடைந்த சின்னத் தட்டில் பூ, ஊதுவத்தி, ஒரு பிஸ்கட். எடுக்கப் போனேன். பணிப்பெண் சிரித்துக்கொண்டே கையசைத்தாள். "இன்று சரஸ்வதி நாள், பாக். புத்தகம் எல்லாம் இன்றைக்குப் பூஜையில் இருக்கிறது. நாளைக்குப் படியுங்கள்."

பாலியில் 210 நாளுக்கு ஒரு முறை சரஸ்வதி பூஜை வருகிறது. அன்று ஏடுகளுக்கும் புத்தகங்களுக்கும் படையல் போட்டுப் படிக்காமல், எழுதாமல் விடுகிறார்கள். சின்ன வயதில் எங்கள் வீட்டிலும் இதே சட்டம்தான், கணக்கு நோட்டைக் குங்குமம் வைத்து மூடிவிட்டு ஒரு நாள் நிம்மதியாகத் திரிவோம். விளம்பரத்துக்கு அச்சடித்த புத்தகத்துக்கும் அந்தப் பெண் ஏடு கணக்காக மரியாதை செய்திருந்ததுதான் எனக்குப் பிடித்தது. அவளுக்கு எல்லாம் எழுத்துதான்.

இரவுச் சாப்பாடு வெளியே, ஒரு வாருங்கில், அதாவது சின்னச் சாப்பாட்டுக் கடையில். சோறு, தெம்பே என்கிற சோயாக் கட்டி வறுவல், பச்சை வெங்காயமும் எலுமிச்சைப் புல்லும் நறுக்கிப் போட்ட சம்பல் மாத்தா. மூன்று பேருக்கும் சேர்த்து 800 ரூபாய்க்குள் முடிந்தது. மாப்பிள்ளை சம்பலை ஊறுகாய் என்று நினைத்துத் தொட்டவர், கடைசியில் கிண்ணத்தைக் கையில் தூக்கிக்கொண்டார்.

செப்டம்பர் 7, ஞாயிறு: கடற்கரை, கருடன், கிரகணம்

சரஸ்வதிக்கு மறுநாள் விடிகாலை பன்யு பினாருஹ். ஊரே கடலுக்கும் ஊற்றுக்கும் போய்த் தலைமுழுகுகிறது. நாங்களும் கிளம்பினோம். ஆறு மணிக்கே கடற்கரைச் சந்தில் ஸ்கூட்டர் நுழைய இடமில்லை. குடும்பம் குடும்பமாக வந்து முக்கி எழுகிறார்கள், பக்கத்திலேயே அலைச்சறுக்குப் பலகையோடு வெள்ளைக்காரர்கள். யாரும் யாரையும் முறைக்கவில்லை. இளநீர் 20,000 ரூபியா. நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். பொள்ளாச்சிக்காரனுக்கு இது வயிற்றெரிச்சல்.

திரும்பி வந்தபோது பணிப்பெண் தன் வீட்டிலிருந்து மஞ்சள் சோறு கொண்டுவந்து கொடுத்தாள். இந்த நாளுக்கே உரிய பிரசாதம். கூடவே ஏதோ மூலிகைச் சாறு, வாய் கசந்தது. வில்லா சமையலறையில் அதே நேரம் 1,45,000 ரூபியாவுக்கு 'அமெர்த்தா' என்ற பெயரில் பழக் கிண்ணம் ஓடிக்கொண்டிருந்தது, 780 ரூபாய். தங்கை இரண்டையும் சாப்பிட்டுவிட்டு, "சோறுதாண்ணா" என்று தீர்ப்பு சொன்னாள்.

புத்தகத்தைப் படித்தேன். அழகான காகிதம். கடைந்தார்கள், நிலா வந்தது, லட்சுமி வந்தாள், வெள்ளைக் குதிரை வந்தது, கடைசியில் தன்வந்திரி கலசத்தோடு வந்தார், 'நீங்களும் வந்தீர்கள்' என்று முடிகிறது. விஷத்தைக் காணோம். பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எங்கும் இல்லை. பிரதோஷத்துக்குப் பிரதோஷம் நீலகண்டனைக் கும்பிட்டு வளர்ந்தவனுக்கு ஆலகாலம் இல்லாத பாற்கடல் எப்படி இறங்கும்?

மத்தியானம் கருடா விஷ்ணு கென்சானா. சுண்ணாம்புப் பாறையை வெட்டிய மலைமேல், பீடத்தோடு சேர்த்து 121 மீட்டர் உயரத்தில் கருடன்மேல் விஷ்ணு. செம்பும் பித்தளையும். சிற்பி ந்யோமன் நுவர்த்தா. 1997ன் பணநெருக்கடியில் வேலை நின்று, கிடந்து, ஒருவழியாக 2018ல் திறந்தார்கள். இதுவும் சுற்றுலாவுக்குக் கட்டியதுதான். ஆரம்பத்தில் பாலிக்காரர்களே பலர் எதிர்த்தார்கள். ஆனால் இங்கே சொல்லும் கதையில் கஷ்டத்தை மறைக்கவில்லை. பாற்கடலில் வந்த குதிரையின் வால் என்ன நிறம் என்று கத்ருவும் வினதையும் பந்தயம் கட்ட, நாகங்கள் வாலில் சுற்றிக்கொண்டு ஏமாற்ற, வினதை அடிமையாகிறாள். தாயை மீட்க மகன் அமிர்தத்தைத் தூக்கிவரப் போகிறான். என் அறைக் கதவில் துள்ளிக்கொண்டிருந்த அதே குதிரையால்தான் ஒரு தாய் அடிமையானாள் என்று அந்த வெயிலில்தான் உறைத்தது. குதிரைப் படத்துக்குக் கீழே 'சுதந்திரத்தின் சின்னம்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள்!

இந்தக் கதைகள் இங்கே வந்த வழியும் பழசு. மகாபாரதத்தின் ஆதிபருவத்தைப் பழைய ஜாவா மொழி உரைநடையில் எழுதியது பத்தாம் நூற்றாண்டின் கடைசியில், கிழக்கு ஜாவாவில் தர்மவங்ச தெகு ஆண்டபோது. தஞ்சாவூரில் ராஜராஜன் ஆண்ட அதே காலம். பிறகு பாலியில் பனையோலையில் படியெடுத்துப் படியெடுத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். நம் ஏடுகளுக்கு வாய்த்த அதே ஓலை.

இரவு முழுச் சந்திர கிரகணம். ஒன்றரை மணிக்கு நிலா முழுக்க மறைந்து, மூன்று மணி நெருங்கும்வரை செம்பு நிறத்தில் நின்றது. மேகம் விட்டு விட்டுத்தான் காட்டியது. காவலாளி குல்குல் என்கிற மூங்கில் தட்டுக்கருவியை எடுத்து நாலு தட்டுத் தட்டினார், பக்கத்துத் தெருவிலிருந்தும் பதில் தட்டு வந்தது. "கலா ராவ்" என்றார். அமிர்தத்தைத் திருட்டுத்தனமாகக் குடித்த அசுரன், விஷ்ணுவின் சக்கரம் பட்டுத் தலை வேறு உடல் வேறானவன். தலை நிலாவை விழுங்குகிறது. நம் கணக்கில் உடல் கேதுவானது. இவர்கள் கணக்கில் அது தரையில் விழுந்து நெல் குத்தும் உரலானது. அதனால்தான் அந்தக் காலத்தில் கிரகணத்தன்று உரலைப் போட்டு இடிப்பார்களாம், தலை வலி தாங்காமல் நிலாவைக் கக்கட்டும் என்று. எங்கள் அப்பத்தா கிரகணத்துக்குத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தி வைக்கும். உரல் அங்கே, உலக்கை இங்கே. தங்கையிடம் சொன்னேன். "ரெண்டு ஊரும் சேர்ந்து மாவு இடிச்சிருக்கலாம்" என்றுவிட்டுத் தூங்கப் போனாள்.

செப்டம்பர் 8, திங்கள்: க்ளுங்குங்

வில்லாவிலேயே கிடக்கலாம் என்றார் மாப்பிள்ளை. கொடுத்த காசுக்கு அதுவும் நியாயம்தான். நான் விடவில்லை. கிழக்கே இரண்டு மணி நேரம், வழியெல்லாம் கல் சிற்பக் கடைகள், பிள்ளையாரும் புத்தரும் பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டு ஏற்றுமதிக்கு நிற்கிறார்கள்.

க்ளுங்குங்கில் பார்க்க வேண்டியது கெர்த்தா கோசா. அந்தக் கால நியாய சபை. சுவரில்லாத மண்டபம், கூரையின் உள்பக்கம் முழுக்க ஓவியம். பக்கத்து கமாசான் கிராமத்துப் பாணி. இப்போதுள்ள பலகைகளில் வரைந்தது 1960ல். அரண்மனையில் மிஞ்சியது சொற்பம். 1908 ஏப்ரலில் டச்சுப் படை வந்தபோது அரச குடும்பமும் பரிவாரமும் சரணடையாமல் எதிரே நடந்து போய்ச் செத்தார்கள். பூபுத்தான் என்கிறார்கள். அதன் பிறகு டச்சுக்காரர்களும் இதே மண்டபத்தில் வழக்கு விசாரித்தார்கள். மேலே இருந்த படங்களை அவர்கள் என்ன செய்ய முடியும்?

கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தோம். பாண்டுவையும் மாத்ரியையும் நரகத்திலிருந்து மீட்கப் பீமன் போகிறான். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணி, கட்டைவிரலில் நீண்ட நகம், எந்தக் கூட்டத்திலும் அவனைக் கண்டுபிடித்துவிடலாம். மாட்டுத் தலை வைத்த கொப்பரையில் ஆத்மாக்கள் வேகின்றன, பீமன் வந்து கவிழ்க்கிறான். பிள்ளை பெறாதவளின் மார்பில் ஒரு பெரிய கம்பளிப்பூச்சி. "இதையும் ஒரு ஆம்பளைதான் யோசிச்சிருப்பான்" என்றாள் தங்கை, சத்தமாகவே. மேல் வரிசையில் அமிர்தம் தேடிப் போகும் கருடனும் இருக்கிறான். குற்றம் சாட்டப்பட்டவன் கீழே உட்கார்ந்து அண்ணாந்தால், என்ன செய்தால் கொப்பரை, எவ்வளவு பாடுபட்டால் அமிர்தம் என்று முழு விவரமும் தலைக்கு மேலே. தப்பிக்க வழியில்லாத இடத்தில் கதையை வைத்திருக்கிறார்கள். வில்லாவில் அதே கதை தலையணை உறையில்.

சந்தைப் பக்கம் செரொம்போத்தான் சாப்பிட்டோம். கீரை, காராமணி, முளைப்பயறு எல்லாம் வேகவைத்து, தேங்காய்த் துருவலும் மிளகாயும் பிசைந்து இலையில் தருகிறார்கள். ஒரு பொட்டலம் 10,000 ரூபியா. ஐம்பது சொச்சம் ரூபாய். அந்தக் கடைக்கார அம்மா நாங்கள் காரத்துக்குக் கண் கலங்குவோம் என்று எதிர்பார்த்து நின்றார். மாப்பிள்ளை இன்னும் கொஞ்சம் மிளகாய் கேட்டதும் பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

செப்டம்பர் 9, செவ்வாய்: மழை

செப்டம்பர் பாலியில் வெயில் காலம். காலையிலிருந்தே மழை. பொடிப்பொடியாக ஆரம்பித்து மத்தியானத்துக்குமேல் கொட்டியது.

அடைந்து கிடந்ததில் வில்லா மேலாளர் பேச்சுக்குக் கிடைத்தார். சுரபாயாக்காரர், நல்ல மனுஷன். வில்லாவுக்கு இந்த அடையாளத்தை உருவாக்கிக் கொடுத்தது வெளிநாட்டு விளம்பர ஆட்கள் என்றார். முதலில் ராமாயணம் என்று திட்டம், சீதை சிறையிருந்தது தம்பதிகளுக்குச் சரிவராது என்று மாற்றினார்களாம். பாரதத்தில் சூதாட்டமும் துகிலுரிதலும். கடைசியில் பாற்கடல் மாட்டியது. "தண்ணீர் இருக்கிறது, நீச்சல்குளத்துக்குப் பொருந்தும்."

"விஷத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "காலைச் சாப்பாட்டுப் பட்டியலும் அதே புத்தகத்தில் இருக்கிறதே, பாக்."

இதற்குமேல் என்ன கேட்பது. சிரித்துவிட்டேன்.

எட்டரை லட்சம் ரூபியாவுக்கு 'அமிர்த நீராட்டு' என்று ஒன்று நடத்துகிறார்கள். தங்கை செய்துகொண்டாள். மழைக்கு ஒதுங்கிக் கூரைக்கடியில் பூப்போட்ட தண்ணீர், எண்ணெய்த் தேய்ப்பு, மணி ஓசை. "நல்லா இருந்துச்சு, அதுக்காகப் பொய் சொல்ல மாட்டேன்" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

சாயங்காலம் குடையோடு தோட்டத்தைச் சுற்றும்போது பின்மூலையில் பத்மாசனத்தைப் பார்த்தேன். கல்லால் ஆன உயரமான காலி சிம்மாசனம், கடவுள் வந்து உட்கார. அடியில் பெடாவாங் நாலா என்கிற ஆமை, அதைச் சுற்றிப் பின்னிய நாகங்கள். குளத்தில் இருக்கும் அதே ஆமை, அதே நாகம். இதற்கு விளக்குப் போடவில்லை, புத்தகத்தில் படமும் இல்லை. வேலையாட்கள் கும்பிடுகிற இடம். அந்தப் பணிப்பெண் இடுப்பில் மஞ்சள் துணி கட்டி, மழையில் ஊதுவத்தி அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு படையல் வைத்தாள். குளத்து ஆமையின் முதுகில் யாரோ ஈரத் துண்டைக் காயப்போட்டிருந்தார்கள், மழைக்கு முன்னாலிருந்தே.

செப்டம்பர் 10, புதன்: கிளம்பியது

இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. புல் வேய்ந்த கூரை மாப்பிள்ளையின் கட்டில்மேல் ஒழுக, அவர் என் அறைக்கு வந்து படுத்தார். விடிந்து பார்த்தால் பாற்கடல் டீ நிறத்தில் இருந்தது. பக்கத்து மனையில் புது வில்லாவுக்குத் தோண்டிப்போட்ட மண் முழுக்க மதில் தாண்டி வந்து குளத்தில் இறங்கியிருந்தது. மேலே வாழைச் சருகும் ஒற்றைச் செருப்பும். இந்தப் பக்கமெல்லாம் சில வருஷம் முன்புவரை வயல், தண்ணீர் தானாக வடிந்த இடம் என்று காவலாளி சொன்னார். மேலாளர் நூறு தடவை மன்னிப்புக் கேட்டார். மழைக்கு அவர் என்ன செய்வார். ஆனால் பில்லில் நேற்றைய அறைக் காசை முழுதாகப் போட்டிருந்தது சரியில்லை. கேட்டதும் பாதியைக் குறைத்தார்.

இன்று பகெர்வேசி, மனசுக்கு இரும்பு வேலி போடும் நாள் என்று கும்பிடுகிறார்கள். முழங்கால் தண்ணீரில் பெண்கள் தலையில் படையல் கூடையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனதைப் பார்த்தோம். ஒருத்தி கூடைமேல் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்திருந்தாள், தன் தலைக்கு ஒன்றுமில்லை.

ப்ளி ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். தென்பசாரில் துக்காத் பாடுங் ஆறு கரை மீறிவிட்டது, கும்பசாரி சந்தைப் பக்கம் ஆற்றோரக் கடைகள் இடிந்து விழுந்துவிட்டன என்றார். ஃபோனில் வந்த வீடியோவில் பழுப்புத் தண்ணீர் கார்களை உருட்டிக்கொண்டு போனது. பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. பெரிய சாலைகளை விட்டுச் சந்து சந்தாகப் போனோம். ஒரு கிராமத்தில் இளைஞர்கள் கயிறு பிடித்து வண்டிகளை ஒழுங்கு செய்தார்கள். மாப்பிள்ளை காசு நீட்டினார், ஒருவன் வாங்காமல் வண்டியின் பின்பக்கத்தைத் தட்டிப் போகச் சொன்னான்.

தேவ ருச்சி சந்திப்பைத் தாண்டும்போது சிலையாக பீமன் மழையில் நாகத்தோடு கட்டிப்புரண்டு நின்றான். உயிர்நீரைத் தேடிக் கடலுக்குள் இறங்கினவன். நான் எதையாவது சொல்லி நேரம் போக்கலாமே என்று ஆலகாலக் கதையை ப்ளிக்குச் சொன்னேன். கயிறாக இழுபட்ட பாம்பு வலி தாங்காமல் கக்கியதை, எல்லாரும் ஓடியதை, சிவன் எடுத்து விழுங்கியதை, பார்வதி கழுத்தைப் பிடித்ததை. சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"கடைந்தவர்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையா?"

"ஆகலை."

"அப்படித்தான் நடக்கும், பாக்" என்றுவிட்டு ஹாரன் அடித்தார்.

விமான நிலையத்தில் இறக்கிவிட்டபோதுதான் விஷயத்தைச் சொன்னார். அவர் வீடும் தென்பசாரில், ஆற்றிலிருந்து மூன்றாவது சந்து. விடிகாலையே தண்ணீர் வந்துவிட்டது, மனைவியையும் பிள்ளைகளையும் மாமனார் வீட்டில் விட்டுவிட்டு எங்களை ஏற்ற வந்திருக்கிறார். முதலிலேயே சொல்லியிருந்தால் வேறு வண்டி பார்த்திருப்போமே என்று தங்கை சத்தம் போட்டாள். "ஒப்புக்கொண்ட வேலை, இபு" என்றார். தங்கை வில்லாவில் மிச்சமான ரூபியா முழுவதையும் உறையில் போட்டுக் கொடுத்தாள்.

விமானம் மூன்று மணி நேரம் தாமதம். ஈரச் செருப்போடு கப் நூடுல்ஸ் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தோம். ஊர் வந்த மறுநாள் ப்ளிக்குச் செய்தி அனுப்பினேன். ஃப்ரிட்ஜ் போச்சு, மெத்தை போச்சு, அரிசி மூட்டை பரணில் இருந்ததால் பிழைத்தது. தவணையில் வாங்கிய ஸ்கூட்டர்தான் உறுமுகிறது, ஓடவில்லை. மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனால் அடுத்த வாரம் வரச் சொல்கிறாராம். அந்தப் பேட்டையின் ஸ்கூட்டர் எல்லாம் அவர் கடை வாசலில்தான் நிற்கிறதாம்.